எழுதாத கை, எறியாத கத்தி

டெலிபோன் அலறியபோது ஹெட்டி லூமிஸ் ஒரு நாயாக இருந்தாள்.

அல்சேஷன் நாய். பெயர் சார்ஜன்ட். க்ரெசென்ட் ஸ்டூடியோவின் நாலுகால் நட்சத்திரம். அவனுடைய சுயசரிதையின் மூன்றாவது அத்தியாயத்தில், பனிப்புயலில் ஒரு கைக்குழந்தையைக் கவ்விக்கொண்டு அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

டெலிபோன் விடவில்லை.

குழந்தையைப் பனியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

உண்மையைச் சொன்னால், ஹெட்டி எழுதிக்கொடுத்த 'எழுத்தாளர்'களிலேயே சார்ஜன்ட்தான் தங்கமானவன். 'எங்க அம்மாவை இன்னும் கொஞ்சம் ஏழையா காட்டு' என்று கேட்க மாட்டான். ஒரு எலும்புத் துண்டோடு காரியம் முடிந்துவிடும். மற்ற நட்சத்திரங்கள் அப்படி இல்லை.

அது சினிமா ஊமையாக இருந்த காலம். திரையில் வாயை மட்டும் அசைத்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் புத்தகக் கடையில் மூச்சு விடாமல் பேசினார்கள். அழகுக் குறிப்பு, சமையல் குறிப்பு, 'நான் பட்ட கஷ்டங்கள்'... ஏழு புத்தகம், ஏழு அட்டைப்படம், ஏழு கையெழுத்து. உள்ளே இருந்த குரல் மட்டும் ஒன்று. அது ஹெட்டியுடையது.

வெளியே சொன்னால் வேலை போகும். அந்த வேலை மட்டுமல்ல, அந்த ஊரில் எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிக்க முடியாது. ஒப்பந்தம் அப்படி.

அவள் மேஜையில் மூன்று டைப்ரைட்டர்கள் இருந்தன. ஒன்று நட்சத்திரங்களுக்கு. ஒன்று நாய்க்கு. மூன்றாவது ஒரு பழைய துணியால் மூடியிருந்தது. அது யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை.

ரிசீவரை எடுத்தாள்.

"ஹெட்டி... உக்காந்திருக்கியா?"

கஸ் டில்லன். ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவுக்குத் தலைவர். அவளுக்கும் அவர்தான் பாஸ்.

"நின்னுக்கிட்டு டைப் அடிக்க எனக்கு இன்னும் வரல பாஸ். என்ன விஷயம்?"

"சைரஸ் ஓக்லி செத்துட்டான்."

ஹெட்டியின் கண்கள் தாமாகவே அந்த மூன்றாவது டைப்ரைட்டர் பக்கம் போயின.

சைரஸ் ஓக்லி! காலைப் பத்திரிகையில் கிசுகிசுப் பத்தி எழுதுகிற ஓக்லி. அவன் பேனாவுக்குப் பயந்து பாதி ஹாலிவுட் காலைக் காபியைக் குடிக்காமலே பத்திரிகையைப் பிரிக்கும்.

"எப்படி?"

"நேத்து சாயங்காலம், ஓட்டல் ரூம்ல. மேஜை முன்னால உக்காந்தபடியே. முதுகுல கத்தி."

"ஐயோ..."

"அதுக்குள்ள அழுதுடாத. பாக்கி இருக்கு. நம்ம ஹீரோ டெல்மாரை அரெஸ்ட் பண்ணிட்டாங்க."

ஹெட்டி உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் அல்ல. டெலிபோன் டைரக்டரியின் மேல்.

"டெல்மார் க்ரேனையா? பாஸ், அவரால ஒரு ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியாதே. போன கிறிஸ்துமஸ்ல நான்தான் திறந்து குடுத்தேன்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். போலீஸுக்கு என்ன தெரியும்? அவன் புத்தகத்துல இருக்கறதுதான் தெரியும். 'கத்தியும் நானும்', ஒன்பதாவது அத்தியாயம். திறந்த ஜன்னலுக்கு வெளியே நின்னு, முதுகு காட்டி உக்காந்திருக்கற எதிரியை ஒரே வீச்சுல... அச்சு அசல் அப்படியே நடந்திருக்கு. யாரு ஹெட்டி எழுதினது அந்த அத்தியாயத்தை?"

"...நான்."

"கண்ணைக் கட்டிக்கிட்டு எறிவேன்னு வேற எழுதியிருக்க."

"அத்தியாயம் கொஞ்சம் சப்புன்னு இருந்துது பாஸ்."

"நல்லா உப்பு போட்ட. இப்ப அவனைத் தூக்குல போடப்போறாங்க. பத்து நிமிஷத்துல காரோட வரேன். வாயை மட்டும் இறுக்கி மூடிக்கிட்டு வா."

2

போலீஸ் கேப்டன் மல்வேனி பெரிய உடம்புக்காரர். மேஜையில் காபிக் கோப்பை இருந்தது. அதிலிருந்து காபி வாசனை மட்டும் வரவில்லை. ஊரில் மதுவிலக்கு கடுமையாக அமலில் இருந்தது, அந்த அறை தவிர.

"கேஸ் முடிஞ்சாச்சு மிஸ்டர் டில்லன்," என்றார். "போன வாரம் ஓக்லி தன் பத்தியில என்ன எழுதினான்? 'கத்தியும் நானும் புத்தகத்தை உண்மையில் எழுதியது யார்? அடுத்த வாரம் பெயரைச் சொல்கிறேன்.' ஆக, க்ரேன் புத்தகம் எழுதலன்னு ஊருக்குச் சொல்லப் பாத்தான். க்ரேனுக்குக் கோவம். புத்தகத்துல எழுதின மாதிரியே போட்டுத் தள்ளிட்டான். சாட்சி அவன் கைப்பட எழுதின புத்தகமே."

கஸ் டில்லனின் உதடுகள் 'கைப்பட' என்று சத்தமில்லாமல் அசைந்தன.

"அந்த ரூம்ல வேற எதாவது கிடைச்சுதா கேப்டன்?" ஹெட்டி மெல்லக் கேட்டாள்.

"நீங்க யாரும்மா?"

"டைப்பிஸ்ட்," என்றார் கஸ் அவசரமாக.

"ஒரு விசித்திரம் இருந்துது. ஓக்லி டைப்ரைட்டர் முன்னாலதான் உக்காந்திருந்தான். ஆனா மிஷின்ல மை ரிப்பன் இல்ல. பேப்பர் இல்ல. ஒரு விரல் கனத்துக்குத் தூசி. க்ரேன் ரிப்பனை எடுத்துக்கிட்டு ஓடியிருக்கணும்."

"தூசியை?"

"அது... ஓட்டல்ல சரியா பெருக்கறதில்ல போல." கேப்டன் இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "இதான் கத்தி. படத்துல பாத்திருப்பீங்களே. புத்தக அட்டையிலகூட இருக்கு. கறுப்புப் பிடி."

கத்தியைச் சுற்றியிருந்த தாள் பிடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கேப்டன் பிய்த்து எடுத்தார்.

"சனியன், பிசுபிசுன்னு இருக்கு. கைரேகை எடுக்கப் போய் நம்ம ஆளுங்க ரேகைதான் பதிஞ்சுது. க்ரேனுக்குக் கையில வேர்வை ஜாஸ்தி போல."

"ஒன்பதாவது அத்தியாயத்தை நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"நான் எங்க படிச்சேன்? நியூயார்க் பதிப்பாளர் ஒருத்தர் இங்கதான் தங்கியிருக்கார். மனுஷன் காலையிலயே வந்து, பக்கத்தை மடிச்சு, கையில குடுத்துட்டுப் போனார். நல்ல குடிமகன்."

அந்த நல்ல குடிமகன் வராந்தாவிலேயே இருந்தார்.

லூதர் பிளிம்டன். ஒல்லியான தேகம், எலுமிச்சை நிறத்தில் தோல் கையுறை, கக்கத்தில் 'கத்தியும் நானும்' ஒரு கட்டு. வராந்தாவில் நின்ற நிருபர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவரின் முகம்.

"மிஸ் லூமிஸ்! எவ்வளவு துக்கமான நாள்," என்றார் சிரித்துக்கொண்டே. "மூணு மாசமா கிடங்குல தூங்கின புத்தகம் மத்தியானத்துக்குள்ள காலி. நியூயார்க்லேர்ந்து தந்தி மேல தந்தி. அடுத்த பதிப்பு இன்னிக்கே அச்சுக்குப் போகுது."

"ஒரு மனுஷன் செத்திருக்கார் சார்."

"ஆமாம் ஆமாம். முன்னுரையில ரெண்டு வரி சேத்துடலாம். நீங்களே எழுதிடுங்க."

ஹெட்டிக்கு அவரை அந்தப் புத்தகக் கட்டாலேயே மண்டையில் போடவேண்டும் போல் இருந்தது. அவர் நகர்ந்ததும் கஸ் முணுமுணுத்தார்.

"நேத்து ஒரு நாள் பூரா இந்த ஆளை வெச்சுக்கிட்டு மாரடிச்சேன். ஸ்டூடியோவைச் சுத்திப் பாக்கணுமாம். கத்தி கபடா வெச்சிருக்கற சாமான் ரூம், திரையில காட்டற வசன அட்டைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கற ரூம், ஒண்ணு விடல. எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தான். சின்னப் பிள்ளை தேவல."

"ஏன் பாஸ், இந்த வெயில்ல கையுறை போட்டிருக்காரே?"

"நியூயார்க்காரன். குளிக்கறப்பகூடப் போட்டுக்குவான்."

3

டெல்மார் க்ரேன் கம்பிகளுக்குப் பின்னால் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஆறடி இரண்டு அங்குலம். அமெரிக்கப் பெண்கள் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற முகம். மடியில் ஒரு புத்தகம் விரித்திருந்தது.

'கத்தியும் நானும்.'

"ஹெட்டி! சத்தம் போடாத. முக்கியமான இடத்துல இருக்கேன்." பக்கத்தைப் புரட்டினான். "மெக்ஸிகோ எல்லையில என்னைச் சுத்தி ஏழு கொள்ளைக்காரங்க. என்கிட்ட ஒரே ஒரு கத்தி. நான் தப்பிச்சுடுவேனா?"

"டெல்மார்... இப்பதான் முதல் தடவை படிக்கறீங்களா?"

"எனக்கு எங்க நேரம்? அந்த பிளிம்டன்தான் பாவம் ஒரு காப்பி குடுத்தனுப்பினார். பிரமாதமா எழுதியிருக்கேன் ஹெட்டி. அம்மா சாகற இடத்துல அழுதுட்டேன்."

"உங்க அம்மா பசடீனாவுல சீட்டாடிக்கிட்டிருக்காங்க."

"தெரியும். இருந்தாலும் அழுகை வந்துடுச்சு."

ஹெட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்த அப்பாவி தூக்கில் தொங்கினால் கயிற்றைத் திரித்தவள் அவள்தான். சப்பென்று இருந்த ஒரு அத்தியாயத்துக்குப் போட்ட உப்பு.

"டெல்மார், நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"வீட்ல."

"என்ன பண்ணீங்க?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருந்தேன். யாருகிட்டயும் சொல்லிடாத. என் பேரு கெட்டுடும்."

"கொலைகாரன்னு சொல்றாங்களே, அதுல கெடாதா?"

"அது வேற ஹெட்டி. அது ஆம்பளைத்தனமா இருக்கு."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'இந்தப் புத்தகத்தை நான் எழுதல, எனக்குக் கத்தி எறியத் தெரியாது, படத்துல எறியறது என் டூப்பு'ன்னு. விட்டுடுவாங்க."

டெல்மார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அதுக்கப்புறம் வெளியில வந்து நான் யாரா இருக்கறது?"

ஹெட்டி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆனா ஹெட்டி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காத." அவன் ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்தான். "இங்க நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். 'என் கறுப்புப் பிடிக் கத்தி'ன்னு இருக்கு. என் கத்திப் பிடி கறுப்பு இல்லயே."

"என்ன?"

"சிவப்பு. நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. நீ செட்டுக்கு வந்ததே இல்லயா?"

"என்னை எங்க உள்ள விட்டாங்க? படத்தையும் ஸ்டில்லையும் குடுத்துதானே எழுதச் சொன்னாங்க. படத்துல கறுப்பா இருந்துதே."

"அட! படத்துல சிவப்பெல்லாம் கறுப்பாத்தான் விழும். ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. என் மூஞ்சிக்கு எதுக்கு மஞ்சள் பூசறாங்கன்னு நெனச்ச? இருக்கற கலர்லயே விட்டா கன்னம் ரெண்டும் கரி அப்பின மாதிரி தெரியும். இது செட்டுல டீ குடுக்கறவனுக்குக்கூடத் தெரியுமே."

ஹெட்டி அப்படியே நின்றாள்.

கேப்டனின் மேஜையில் இருந்த கத்தி... கறுப்பு.

பிசுபிசுப்பு...

சாமான் ரூம்... வசன அட்டைக்குக் கறுப்பு அடிக்கிற ரூம்...

எலுமிச்சை நிறக் கையுறை...

"டெல்மார்!" கம்பிக்குள் கையை விட்டு அவன் கன்னத்தைக் கிள்ளினாள். "உங்க வாழ்க்கையிலேயே முதல் தடவையா நீங்க ஒரு புத்தகத்தைத் திருத்தியிருக்கீங்க."

"அப்ப அடுத்த பதிப்புல மாத்திடுவியா?"

"அதுக்கு முன்னால வேற ஒரு வேலை இருக்கு."

4

கேப்டனின் அறையில் ஐந்து பேர். கேப்டன். விலங்கு மாட்டிய டெல்மார். நகத்தைக் கடிக்கும் கஸ். 'பத்திரிகைக்கு எதாவது நல்ல செய்தியா?' என்று ஆவலோடு வந்து உட்கார்ந்த பிளிம்டன். நடுவில் ஹெட்டி.

"அஞ்சு நிமிஷம்தான் உங்களுக்கு," என்றார் கேப்டன். "என் காபி ஆறிடும்."

ஹெட்டி கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். கத்தியை எடுத்தாள். பிடியில் அழுத்திச் சுரண்டினாள்.

கறுப்பு உரிந்தது.

உள்ளே மிளகாய்ப்பழச் சிவப்பு!

கேப்டன் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

"கேப்டன், டெல்மாரோட கத்தி இதுதான். ஸ்டூடியோ சாமான் ரூம்லேர்ந்து போனது. நிஜத்துல சிவப்பு. படத்துல கறுப்பா தெரியும். கொலைகாரன் அதைத் தேடிப் போனான். கையில சரியான கத்திதான் கிடைச்சுது. ஆனா அவனுக்கு நம்பிக்கை வரல. 'படத்துல கறுப்பாச்சே, இதைப் பாத்தா டெல்மார் கத்தின்னு போலீஸுக்கு எப்படித் தெரியும்?' அதனால பக்கத்து ரூம் பெயிண்ட்டை எடுத்துப் பூசிட்டான். அசல் மாதிரி இருக்கணும்னு அசலைப் போலியாக்கின ஒரே ஆளு அவன்தான்."

"அப்ப டெல்மார்..."

"டெல்மாருக்கு எதுக்குப் பெயிண்ட்டு? தினம் கையில பிடிக்கற கத்தி. செட்டுல இருக்கற ஒருத்தரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க."

கேப்டன் மல்வேனி யோசித்தார். அவர் யோசிப்பது வெளியே தெரிந்தது. பிறகு, கஸ் டில்லன் எதற்குப் பயந்துகொண்டிருந்தாரோ, அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டார்.

"கத்தி சிவப்புன்னு க்ரேனுக்குத் தெரியும்னா, புத்தகத்துல எதுக்குக் கறுப்புன்னு எழுதினான்?"

கஸ் தலையை இடமும் வலமும் ஆட்டினார். வேண்டாம் ஹெட்டி. வேண்டாம்.

ஏழு புத்தகம் எழுதியாயிற்று. அட்டையில் பெயர் இல்லாவிட்டால் போகிறது, சாப்பாடு இருந்தது. இப்போது அதுவும் போகப்போகிறது. ஹெட்டி டெல்மாரைப் பார்த்தாள். அவன் இன்னும் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"அவர் எழுதல கேப்டன். நான் எழுதினேன்."

"பொய்!" டெல்மார் துள்ளி எழுந்தான். "நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வரியும்."

கேப்டன் அவனை நிதானமாகப் பார்த்தார். "தம்பி, உக்காரு. நீ எழுதியிருந்தா, கத்தி கறுப்புன்னு நெனச்சவன் நீ. கறுப்புன்னு நெனச்சவன்தான் கொலைகாரன். அப்ப தூக்கு. இந்தப் பொண்ணு எழுதியிருந்தா நீ வீட்டுக்குப் போகலாம். நல்லா யோசிச்சுச் சொல்லு. யார் எழுதினது?"

டெல்மார் யோசித்தான்.

இன்னும் யோசித்தான்.

"இதுக்கு நாளைக்குள்ள பதில் சொன்னா போதுமா?"

"கேப்டன்," ஹெட்டி குறுக்கிட்டாள், "அவர் கையில கத்தியைக் குடுங்க. அந்தக் கதவுல எறியச் சொல்லுங்க."

விலங்கை அவிழ்த்தார்கள். டெல்மார் எழுந்தான். மார்பை விரித்தான். இடது புருவத்தை உயர்த்தினான். திரையில் பார்த்தால் நான்கு பேர் மயங்கி விழுவார்கள். கையைப் பின்னுக்கு இழுத்தான்...

கத்தி பின்பக்கமாகவே போய்விட்டது.

கஸ் டில்லனின் தொப்பியைச் சுவரோடு சேர்த்து அறைந்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே கஸ் இருந்தார். நல்லவேளையாக, சற்றுக் கீழே.

"கதவு எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லயே," என்றான் டெல்மார்.

கேப்டன் தாடையைச் சொறிந்தார். "இது நடிப்பா இருக்கலாமே?"

"கேப்டன், இவர் படம் எதாவது பாத்திருக்கீங்களா?"

"ரெண்டு மூணு பாத்திருக்கேன்." கேப்டன் சுவரில் ஆடும் கத்தியைப் பார்த்தார். "சரிதான். இவ்வளவு இயல்பா நடிக்க இவனுக்கு வராது."

பிளிம்டன் எழுந்தார். "எனக்கு ஒரு தந்தி வரணும். நான் கிளம்பறேன்."

"ஒரு நிமிஷம் சார்." ஹெட்டி கையை நீட்டினாள். "அடுத்த பதிப்புக்கு வாழ்த்துக்கள். கை குடுங்க. கையுறை இல்லாம."

"எனக்குத் தோல் ஒவ்வாமை..."

"கழட்டுங்க," என்றார் கேப்டன். குரலில் 'காபி'யின் கிறக்கம் இல்லை.

எலுமிச்சை நிறத் தோல் மெல்ல உரிந்தது. வலது உள்ளங்கை கறுத்துப்போயிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் ரேகைகளில் கறுப்பு தங்கியிருந்தது.

"இது... இது அச்சு மை. நான் பதிப்பாளர்."

"ஏழு புத்தகம் எழுதியாச்சு மிஸ்டர் பிளிம்டன்," என்றாள் ஹெட்டி. "பதிப்பாளர் கையில மை பட்டு நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

பிளிம்டன் கதவைப் பார்த்தார். கதவுக்கு முன்னால் கேப்டன் நின்றிருந்தார். கதவு தெரியவில்லை.

"அந்த ஓக்லி!" பிளிம்டன் வெடித்தார். "ஒரு கிடங்கு நிறைய புத்தகம் கிடக்குது. இவன் பாட்டுக்கு அடுத்த வாரம் பேரைச் சொல்றேன்னு எழுதறான். பேரைச் சொல்லிட்டா ஒருத்தன் வாங்குவானா? நேர்ல போய்க் கெஞ்சினேன். என்ன சொன்னான் தெரியுமா? 'அப்படியா எழுதியிருக்கு? எனக்குத் தெரியாதே'ங்கறான்! மூஞ்சிக்கு நேரா! அவன் பத்தியில அவன் என்ன எழுதினான்னு அவனுக்கே தெரியாதாம்! அப்படியே முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டான்..."

"கத்தியை முன்னாடியே பையில கொண்டுபோயிருந்தீங்களே," என்றார் கேப்டன். "கெஞ்சறதுக்கா?"

பிளிம்டனைக் கூட்டிப் போனார்கள். போகிறபோதும் ஒரு நிருபரிடம் ஒரு காப்பியைத் திணித்துவிட்டுத்தான் போனார்.

ஹெட்டி மட்டும் சிரிக்கவில்லை. 'எனக்குத் தெரியாதே' என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் முகம் வெளுத்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கேப்டன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட போகட்டும். கத்தி கறுப்புன்னு புத்தகத்துல வந்தது பதிப்பாளர் பண்ண அச்சுப்பிழை. சரியா க்ரேன்? புத்தகத்தை நீதான் எழுதின."

டெல்மாரின் கண்கள் கலங்கின. "நான் அப்பவே சொன்னேனே சார்."

"ஆனா ஒரு சின்ன விஷயம்." கேப்டன் கோப்பையைச் சுற்றிக்கொண்டே ஹெட்டியைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பில் முதல் தடவையாக ஒரு வெட்கம் தெரிந்தது. "முப்பது வருஷமா போலீஸ்ல இருக்கேன். எவ்வளவோ அனுபவம். எழுதணும்னு ஆசை... எனக்கு எழுத வராது."

கஸ் டில்லன் சுவரிலிருந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "சாமி புண்ணியத்துல உன் வேலை தப்பிச்சுது ஹெட்டி. கேப்டனோட அம்மா ஏழையா, பணக்காரியான்னு கேட்டுக்கோ."

"ஏழை," என்றார் கேப்டன். "ரொம்ப ஏழையா போடுங்க."

5

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் மேஜையில் விழுந்திருந்தது.

ஹெட்டி தொப்பியைக் கழற்றவில்லை. நேரே போய் அந்த மூன்றாவது டைப்ரைட்டரின் துணியை எடுத்தாள்.

உருளையில் ஒரு தாள் இருந்தது. மேலே 'சைரஸ் ஓக்லி எழுதுகிறார்' என்று அடித்திருந்தது.

நான்கு வருடமாக அந்தப் பத்தியில் ஒவ்வொரு வரியும் அவளுடையதுதான். ஓக்லி ஒரு நாளும் எழுதியதில்லை. அச்சில் வந்த பிறகு படித்ததும் இல்லை. விருந்துகளுக்குப் போய், தன்னைப் பார்த்து நடுங்குகிற நட்சத்திரங்களின் செலவில் குடித்துவிட்டு வருவதே அவனுக்கு முழுநேர வேலையாக இருந்தது. அவன் டைப்ரைட்டரில் ரிப்பனை யாரும் திருடவில்லை. அதில் ரிப்பன் இருந்ததே இல்லை.

ஏழு புத்தகத்துக்குப் பிறகு, ஒரே ஒரு தடவை தன் பெயரை அச்சில் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. சொந்தப் பெயரில் எழுதினால் வேலை போகும். ஓக்லி பெயரில் வந்தால், சொன்னது அவளேதான் என்று யார் கண்டுபிடிப்பது? 'கத்தியும் நானும் புத்தகத்தை உண்மையில் எழுதியது யார்? அடுத்த வாரம் பெயரைச் சொல்கிறேன்.' அவ்வளவுதான் எழுதினாள்.

எழுதாத புத்தகத்துக்காக ஒருவன் சிறைக்குப் போனான். படிக்காத பத்திக்காக ஒருவன் சவக்கிடங்குக்குப் போனான். பத்தி எழுதியவரைத் தேடி வந்த பிளிம்டனின் கத்தி உண்மையில் தனக்கானது என்பது ஹெட்டிக்கு இப்போது நன்றாகவே தெரிந்தது. ஓக்லி நல்ல மனிதன் இல்லை. இருந்தாலும் அவள் அழுதாள். துணியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தாளில் பாதி வரை அடித்திருந்தது. 'அந்தப் புத்தகத்தை எழுதியவர் பெயர், ஹெட்டி லூமிஸ்.'

டெலிபோன் அலறியது.

"ஹெட்டி? நான்தான்." காலைப் பத்திரிகையின் ஆசிரியர். "ஓக்லி விஷயம் கேள்விப்பட்டிருப்ப. பாவம். சரி, நாளைக்குப் பத்தி ரெடியா?"

"நாளைக்கா? சார், அவர் செத்துட்டாரே."

"தெரியும்மா. அதனாலதான் ஊரே காத்துக்கிட்டிருக்கு. பேரைச் சொல்றேன்னு எழுதியிருந்தியே, யாரு அது?"

ஹெட்டி தாளை உருவினாள். தன் பெயரை ஒரு தடவை பார்த்தாள். அச்சில் பார்த்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக.

"டெல்மார் க்ரேன்தான் சார் எழுதினார். அம்மா சாகற இடத்துல அழுதுட்டார். நானே நேர்ல பாத்தேன்."

"அட, அதுவும் நல்லாத்தான் இருக்கு! அப்படியே ஓக்லி போனதுக்கு ஒரு இரங்கலும் அதுல சேத்துடு." ஆசிரியர் கொஞ்சம் இழுத்தார். "ஆனா ஹெட்டி... செத்துப்போனவர் பேர்ல எப்படிப் பத்தி போடறது? ஜனங்க ஒத்துக்குவாங்களா?"

ஹெட்டி புதுத் தாளைச் சொருகினாள். 'சைரஸ் ஓக்லி எழுதுகிறார்' என்று அடித்தாள்.

"உயிரோட இருந்தப்ப அவர் ஒரு வரி எழுதினதில்ல சார். செத்துட்டார்ங்கறதுக்காக நிறுத்திடவா போறார்?"